மயிலை முழுங்கிய ஒரு வாய்ப் புல்

வெள்வேலங்காட்டில் ஒரு மாட்டு மந்தை இருந்தது. மேய்ப்பவன் கிடையாது. கயிறு கிடையாது. பட்டி கிடையாது. நாற்பது மாடுகளுக்கும் வழிகாட்டி ஒரே ஒரு வயதான பசு.

அந்த மந்தையில் நிறத்தைப் பார்த்துத்தான் பெயர் வைப்பார்கள். வழிகாட்டிப் பசு பழுப்பு நிறம், அதனால் குரால். நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்ததுபோல் இருந்த பசுவுக்குச் சுட்டி. சாம்பல் உடம்பும் மலைபோன்ற திமிலும் வளைந்த கொம்புமாக நின்ற காளைக்கு மயிலை.

குரால் ஒன்பது வருடம் மந்தையை நடத்தியது. பிறகு ஒருநாள் வெள்வேல மரத்தடியில் படுத்தது, எழவில்லை. மந்தையே கத்திக் கதறியது. கன்றுகள் பால் குடிக்க மறந்தன. மயிலை மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று, கொம்பை ஒரு மரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தது. கொம்பு ஏற்கனவே பளபளவென்றுதான் இருந்தது.

மயிலைக்கு வருத்தம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் வருத்தத்துக்கு மேலே வயிற்றெரிச்சல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், செத்தாலும் ஆயிரம் பொன் என்பார்களே, அப்படி ஆகிவிட்டது குராலின் கதை. இருந்தபோதும் எல்லார் வாயிலும் குராலக்கா. செத்த பிறகும் குராலக்கா. பலம் யாருக்கு? மயிலைக்கு. அழகு யாருக்கு? மயிலைக்கு. சிறுத்தை வந்த அன்று முட்டித் துரத்தியது யார்? அதுவும் மயிலைதான். ஆனால் அன்று சாயங்காலம் மாடுகள் பேசிக்கொண்டது என்ன? "நல்ல வேளை, அக்கா நம்மளை முன்னாலயே பாறை மேல ஏத்திவிட்டுட்டா!"

அந்தப் பேச்சை மயிலை இன்றுவரை செரிக்கவில்லை.

அந்த மந்தையில் ஒரு வழக்கம் உண்டு. வழிகாட்டி செத்த ஏழாம் நாள் காலையில் ஒவ்வொரு மாடும் ஒரு வாய்ப் புல் கொண்டுவந்து, அது படுத்திருந்த இடத்தில் வைக்க வேண்டும். வழியில் மெல்லக் கூடாது, முழுங்கக் கூடாது. வைத்துவிட்டு, செத்தவரைப் பற்றித் தான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லாரும் சொல்லி முடித்ததும் அந்தப் புல்லைக் கன்றுகள் தின்னும். அதன் பிறகு 'தடம் நடத்தல்'. செத்தவர் நடத்திய வழியில் மந்தை முழுதும் ஒருமுறை நடக்க வேண்டும். அன்று முன்னால் போகிற மாடுதான் அடுத்த வழிகாட்டி.

வாயில் புல்லை வைத்துக்கொண்டு மெல்லாமல் வருவது மாட்டுக்கு லேசான காரியமா? நீங்கள் வாயில் வெல்லக்கட்டியைப் போட்டுக்கொண்டு கரையாமல் நடந்து பாருங்கள், தெரியும். அதுவும் சித்திரை மாத வெயிலில், காடே காய்ந்து கிடக்கிறபோது. இருந்தும் எல்லா மாடுகளும் கண்ணில் நீர் முட்ட, வாயில் எச்சில் ஒழுக, புல்லைக் கொண்டுவந்து வைத்தன.

மயிலையும் ஒரு வாய்ப் புல் கவ்வியது. பத்தடி நடந்தது. முழுங்கிவிட்டது.

"என்ன காளையண்ணே, புல்லு உள்ள போயிருச்சாட்ட இருக்கு?" என்று கேட்டது அதன் முதுகில் உட்கார்ந்திருந்த உண்ணிக்கொக்கு.

"தானாப் போயிருச்சு. நான் என்ன பண்றது?"

"போனாப் போவுதுங்க. உங்களாட்டக் காளைக்கு ஒரு வாய்ப் புல்லு எம்மாத்திரம்? அந்தக் கிழவிக்கு எதுக்கு இத்தனை மரியாதைன்னு எனக்கே புரியலை. ஒருநாளாச்சும் அது முட்டிச் சண்டை போட்டு நான் பாத்ததில்லை."

இந்தக் கொக்கு ஒன்பது வருடமும் மயிலையின் முதுகில்தான் இருந்தது. குரால் பக்கம் போகவே போகாது. காரணம் சொல்லட்டுமா? குரால் நாள்தோறும் மரத்தில் உரசித் தன் உண்ணியைத் தானே தட்டிவிடும். மயிலைக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. அதன் முதுகில் எப்போதும் விருந்து. விருந்து போடுகிறவரைப் புகழாமல் வேறு யாரைப் புகழ்வது!

மாடுகள் ஒவ்வொன்றாகப் பேசின. ஒற்றைக்கண் செவலைக் காளை, தன் குருட்டுக் கண் பக்கமாகவே குரால் எப்போதும் நடந்து வந்ததைச் சொன்னது. ஒரு கிடாரி, தான் பள்ளத்தில் விழுந்த அன்று குரால் மேலே நின்று பொழுது சாயும் வரை கத்திக்கொண்டே இருந்ததைச் சொன்னது. அடுத்து சுட்டி வந்தது.

"போன வருசம் வெயில் காலத்துல எனக்குக் கன்னு பொறந்துச்சு. எந்திரிக்க முடியாமக் கெடந்தேன். தண்ணிக்குப் போயிட்டு வந்த அக்கா ஒரு வாய்ப் பச்சைப்புல்லு கொண்டாந்து எம்முன்னால போட்டா. அத்தனை தூரம் முழுங்காமக் கொண்டாந்திருக்கா. எங்கிருந்துன்னு கேட்டேன். தின்னுன்னு மட்டும் சொன்னா."

மயிலை உள்ளுக்குள் சிரித்தது. பச்சைப்புல்லாம்! குரால் திரும்பி வருகிறபோது வாய் நிறைய எதையோ அடைத்துக்கொண்டு வந்ததை அதுவும் பார்த்திருக்கிறது. பேசினால் பதில் கூடச் சொல்லாது. 'திருட்டுத்தனமாத் தனியாத் தின்னுட்டு வர்றா' என்று அன்றே மனதில் குறித்து வைத்தது. அப்படிக் குறித்து வைத்தவை ஒன்றா இரண்டா? குராலின் குறை ஒவ்வொன்றும் மயிலைக்கு மனப்பாடம்.

கடைசியாக மயிலையின் முறை வந்தது. எல்லாரும் அதன் வாயைப் பார்த்தார்கள். வாய் காலி.

"புல்லு எங்கீங்க அண்ணா?" என்றது சுட்டி.

"வழியில விழுந்துருச்சு."

மயிலை தொண்டையைச் செருமிக்கொண்டு பேசியது.

"குரால் நல்ல பசுதான். நான் இல்லைன்னு சொல்லலை. மெதுவா நடப்பா. நேராப் போகமாட்டா. தண்ணியைக் கடைசியாத்தான் குடிப்பா. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

மாடுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. செத்தவருக்குச் சொல்கிற சொல்லா இது? முள்ளை வாழையிலையில் மடித்துக் கொடுத்ததுபோல் இருந்தது. ஆனால் சண்டை போட யாருக்கும் தெம்பில்லை. ஏனென்றால் காட்டில் அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது.

குளம் வற்றிவிட்டது. மூன்று நாளாக மாடுகள் சேற்றைத்தான் நக்கிக்கொண்டிருந்தன.

ஒவ்வொரு வருடமும் குளம் வற்றியதும் குரால் மந்தையைத் தொட்டிச்சுனைக்குக் கூட்டிப் போகும். அது மலையின் மறுபக்கம், ஒரு பாறைக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஊற்று. மேலே பறக்கிற பறவை கண்ணுக்கும் தெரியாது. தீவனம் இங்கே, தண்ணீர் அங்கே. காலையில் போய் மாலையில் திரும்ப வேண்டும். எந்தக் கோடையிலும் வற்றாத தண்ணீர் அது ஒன்றுதான். இன்று தடம் நடக்க வேண்டியதும் அந்த வழியில்தான்.

"யாரு முன்னால போறது?" என்று கேட்டது செவலை.

"இது என்ன கேள்வி? நான்தான்," என்றது மயிலை.

யாரும் மறுக்கவில்லை. குராலுக்குப் பின்னால் இரண்டாவதாக நடந்தது எப்போதும் மயிலைதான். முதலாவது போய்விட்டால் இரண்டாவதுதானே முதலாவது? மயிலை தலையை உயர்த்தி மந்தைக்கு முன்னால் வந்து நின்றது. ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அதன் கண்ணுக்கு முன்னால் குராலின் வால் இல்லை. காற்றுகூட இனிப்பாக இருந்தது.

மந்தை கிளம்பியது.

கொஞ்ச தூரத்தில் மூன்று வெள்வேல மரங்கள் வந்தன. குரால் எப்போதும் இங்கே நிற்கும். ஒரு அசை போட்டு முடிக்கிற நேரம் நிற்கும். 'கிளம்பினதும் நிக்கறா, சோம்பேறி' என்று மயிலை குறித்து வைத்த முதல் குறை இதுதான். ஆகவே மயிலை நிற்கவில்லை. நடையை இன்னும் எட்டிப் போட்டது.

"அண்ணா, கன்னுக பின்னால கெடக்குது," என்று சுட்டி கத்தியது.

"ஓடி வரச் சொல்லு. கன்னுக்காக மந்தையா, மந்தைக்காகக் கன்னா?"

அடுத்து கரும்பாறை வந்தது. இங்கே வழி இரண்டாகப் பிரியும். குரால் எப்போதும் இடப்பக்கம் திரும்பி, முகத்தில் வெயில் அடிக்க, மலையைச் சுற்றிக்கொண்டு போகும். மலையோ வலப்பக்கம் நேராகத் தெரிகிறது. எட்டிப் பிடித்துவிடலாம் போல.

மயிலை நின்று யோசித்தது. இடப்பக்கம் போனால் தண்ணீர் கிடைக்கும். அது அதற்கு நன்றாகத் தெரியும். ஆனால் தண்ணீரைக் குடித்துவிட்டு இந்த மாடுகள் என்ன சொல்லும்? 'ஆகா, அக்கா காட்டின வழி!' என்று சொல்லும். வலப்பக்கம் போய்ச் சீக்கிரமாகத் தண்ணீரைக் காட்டினால்? 'மயிலை கண்டுபிடிச்ச வழி' என்று சொல்லும். ஒன்பது வருடம் சுற்றிச் சுற்றி நடக்கவிட்டாளே என்று குராலைக் குறைகூடச் சொல்லும். அந்தக் காட்சியை நினைத்ததுமே மயிலைக்குத் தாகம் பாதி அடங்கிவிட்டது.

"இந்தப் பக்கம் வாங்க. இதுதான் நேர்வழி."

"அக்கா இப்படிப் போனாப்பல ஞாபகமில்லையே," என்றது செவலை.

"அவளுக்கு வழி தெரியாது. சுத்திட்டே இருப்பா. எனக்குப் பின்னால வாங்க, உச்சிப்பொழுதுக்குள்ள தண்ணியில நிப்பீங்க."

கொக்கு முதுகில் இருந்தபடியே இறக்கையைத் தட்டியது. "அப்படிச் சொல்லுங்க! முன்னால போறவன்னா இப்படியல்லவா இருக்கோணும்!"

மந்தை வலப்பக்கம் திரும்பியது. தரை கொதித்தது. மரம் குறைந்து, பிறகு மரமே இல்லாமல் போயிற்று. சூரியன் உச்சிக்கு வந்தது. மலை பக்கத்தில் வந்துவிட்டது. இன்னும் நூறடி இருக்கும். அப்போது மயிலையின் முன்னங்கால் சட்டென்று நின்றது.

முன்னால் தரை இல்லை. ஒரு காய்ந்த ஓடை மலைக்கும் மந்தைக்கும் நடுவில் பூமியையே வெட்டிப் போட்டிருந்தது. சுவர் மாதிரி செங்குத்தான கரை. அந்தப் பக்கம் மலை. இந்தப் பக்கம் நாற்பது மாடுகள். ஆட்டுக்குட்டிகூட இறங்க முடியாத பள்ளம்.

குரால் ஏன் சுற்றிப் போனாள் என்பது அப்போது மயிலைக்குப் புரிந்தது. புரிந்ததை அது வெளியே காட்டவில்லை.

கொக்கு எட்டிப் பார்த்தது. "காளையண்ணே, எனக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் சோலி இருக்குதுங்க. பொறகு வந்து பாக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் பறந்தே போயிற்று.

பின்னால் பொத்தென்று ஒரு சத்தம். சுட்டியின் கன்று விழுந்துவிட்டது. நாக்கு வெளியே தொங்கியது. சுட்டி அதை நக்கியது. நக்குவதற்கும் நாக்கில் ஈரம் இல்லை. மூக்கைத் தூக்கி மோந்து பார்த்தது. காற்று முதுகுப் பக்கமிருந்து அடித்ததால் தண்ணீர் வாடையும் வரவில்லை.

சுட்டி நிமிர்ந்து மந்தையைப் பார்த்தது. "அக்கா எப்படிப் போவா? கரும்பாறைக்கிட்ட எந்தப் பக்கம் திரும்புவா, அதுக்கப்பறம் எப்படின்னு யாருக்காச்சும் ஞாபகம் இருக்குதா?"

மாடுகள் விழித்தன.

"நான் செவலை மாமா வாலைப் பாத்துட்டே போவேன்," என்றது கிடாரி.

"நான் சுட்டி வாலைப் பாத்துட்டுப் போவேன்," என்றது செவலை. "எனக்கு இருக்கறது ஒரு கண்ணு. அதுலயும் ஈ."

"நான் தரையில புல்லு இருக்குதான்னு பாத்துட்டுப் போவேன்," என்றது இன்னொன்று.

இப்படித்தான் இருந்தது மந்தையின் லட்சணம். எல்லாருக்கும் குராலக்கா மேல் உயிர். ஆனால் பிரியத்தில் குனிந்த தலை நிமிரவேயில்லை. அக்கா இருக்கும்போது வழியைப் பற்றி நமக்கு என்ன கவலை என்று நடந்திருக்கிறார்கள். அவள் போன தடத்தைக் கண்ணெடுத்துப் பார்த்தவர் அந்த முப்பத்தொன்பதில் ஒருவருமில்லை.

நாற்பதாவது மாடு பேசாமல் நின்றது.

மயிலைக்குத் தெரியும். அங்குலம் அங்குலமாகத் தெரியும். ஒன்பது வருடம் இரண்டாவது இடத்தில் நின்று, குராலின் காலையும் வாலையும் காதையும் கண்ணெடுக்காமல் பார்த்துப் பார்த்துப் புழுங்கிய மாடு அது. எங்கே நின்றாள், எங்கே வளைந்தாள், எங்கே மூக்கைத் தரையில் வைத்தாள் எல்லாம் தெரியும். குறை கண்டுபிடிக்க வேண்டுமென்றால் சும்மா முடியுமா? கூர்ந்து பார்க்க வேண்டுமே!

ஆனால் வாயைத் திறந்தால் எல்லாம் போச்சு. தெரிந்தே தவறான வழியில் கூட்டி வந்தது வெளியே வந்துவிடும். வழிகாட்டி ஆவது இருக்கட்டும், மந்தையில் ஒருவர் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். 'ஓடை போன வருசம் இங்க இல்லை' என்று சொல்லிவிடலாமா? 'திரும்பிக் குளத்துக்கே போவோம்' என்று சொல்லிவிடலாமா? மயிலை இதையெல்லாம் யோசித்துப் பார்த்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்போது கன்று ஒருமுறை கத்த முயன்றது. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

"எனக்குத் தெரியும்," என்றது மயிலை.

சுட்டி திரும்பியது. "என்ன தெரியும்?"

"அக்கா போற வழி. முழுசாத் தெரியும்."

"தெரிஞ்சுமா இப்படிக் கூட்டிட்டு வந்தீங்க?"

மயிலை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னது. "ஆமா. அவ வழியில போனா அவ பேரைத்தான சொல்வீங்க. எனக்கு அது பொறுக்கலை. இன்னிக்கு நேத்து இல்லை, ஒம்பது வருசமாவே பொறுக்கலை."

செவலை கொம்பைத் தாழ்த்தியது. முட்டித் தள்ளினால் பின்னால் ஓடை. சுட்டி நடுவில் வந்து நின்றது.

"இதைப் பத்திப் பொறகு பேசிக்கலாம். இப்ப நடங்க," என்றது. அதன் குரலில் மன்னிப்பு இல்லை, அவசரம்தான் இருந்தது.

மயிலை கன்றின் வயிற்றுக்கு அடியில் நெற்றியைக் கொடுத்து எழுப்பி நிறுத்தியது. தன் பெரிய உடம்பின் நிழலில் அதை நடக்க வைத்தது. கன்று நிழலை விட்டு வெளியே போகாமல் இருக்க வேண்டுமானால் மயிலை மெதுவாக நடக்க வேண்டும். மெதுவாக நடந்தது. நடக்கும்போதே ஒன்று உறைத்தது. குராலின் நிழலிலும் எப்போதும் ஏதாவது ஒரு கன்று இருக்குமே! 'கன்னுகளைக் கொஞ்சி நல்ல பேரு வாங்கறா' என்றல்லவா அதைக் குறித்து வைத்தது! மெதுவாக நடப்பதையும் தனியாக ஒரு குறையாகச் சேர்த்து வைத்தது. இரண்டும் ஒரே காரியம் என்று ஒன்பது வருடத்தில் ஒருநாளும் தோன்றவில்லை.

கரும்பாறைக்குத் திரும்பி வந்தார்கள். "இங்க இடது பக்கம்," என்றது மயிலை. கொஞ்ச தூரத்தில் இன்னொரு வெள்வேல மரம் நின்றது. "இங்க ஒரு அசை போடற நேரம் நிப்பா." நின்றார்கள். நின்ற பிறகுதான் பார்த்தார்கள், மரத்தடி முழுக்க உதிர்ந்த காய். கன்றுகள் பொறுக்கித் தின்றன. அதற்குள் பின்தங்கிய கிழடுகளும் வந்து சேர்ந்துகொண்டன.

அடுத்து கல்லுக்காடு. "இங்க அவ திருடனாட்ட மூக்கைத் தரையில வெச்சுட்டு, வளைஞ்சு வளைஞ்சு போவா," என்றது மயிலை. தானும் மூக்கைத் தரையில் வைத்தது. பாறையெங்கும் வெடிப்பு. குளம்பு சிக்கினால் கால் முறிந்துவிடும். வெடிப்புக்கு வெடிப்பு வளைந்து நடந்தது. அதன் பின்னால் மந்தை வளைந்தது. இந்தத் தடவை எல்லா மாடும் தலையைத் தூக்கி வழியைப் பார்த்துக்கொண்டு வந்தன.

பொழுது மேற்கே சாயத் தொடங்கும்போது குளிர்ந்த காற்று ஒன்று மூக்கில் பட்டது. தொட்டிச்சுனை!

முதலில் போனது மயிலைதான். குகை மாதிரிக் குறுகலான பாறை வாசல். உள்ளே ஒரு தொட்டி அளவு தெளிந்த தண்ணீர். மயிலை குனிந்தது. தண்ணீருக்கும் வாய்க்கும் நடுவே ஒரு புல் நீளம்தான். தொண்டை தீயாக எரிந்தது. முன்னால் வந்தவன் முதலில் குடிப்பதில் என்ன தப்பு? வழி சொன்னதற்குக் கூலி வேண்டாமா?

பின்னால் தள்ளுமுள்ளு ஆரம்பித்தது. தாகம் பிடித்த காளைகள் கன்றுகளை மிதித்துக்கொண்டு முண்டின. எல்லாம் ஒன்றாகப் புகுந்தால் தொட்டி சேறாகிவிடும். ஊற்றுக்கண் அடைந்துவிடும். குரால் இந்த வாசலில் குறுக்கே நின்று, எல்லாரும் குடித்த பிறகே குடிப்பாள். 'தண்ணி குடிக்கக்கூட மத்தவங்க தயவு வேணும் இவளுக்கு' என்று மயிலை மனதுக்குள் சிரித்திருக்கிறது.

மயிலை தலையைத் தூக்கியது. திரும்பி வாசலில் குறுக்கே நின்றது.

"ஒவ்வொண்ணா வாங்க. கன்னு முதல்ல. அப்பறம் பால் குடுக்கறவங்க. காளைக கடைசி."

முட்டித் தள்ளப் பார்த்த காளைகள் அதன் திமிலைப் பார்த்து அடங்கின. கன்றுகள் குடித்தன. பசுக்கள் குடித்தன. செவலை குடித்தது. ஒவ்வொன்றும் உறிஞ்சுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மயிலை நின்றது. அதன் குளம்புக்கு அடியில் பாறையில் ஒரு குழிவு இருந்தது. சின்னக் குளம்புகள் வருடக்கணக்காக நின்று தேய்த்த குழிவு. மயிலையின் பெரிய குளம்பு அதில் முழுசாகப் பொருந்தவில்லை.

கடைசியாக மயிலை குனிந்தபோது தொட்டியில் மூன்று மடக்குத் தண்ணீர் மிச்சமிருந்தது. மூன்று மடக்கும் சேறு. மணல் பல்லில் நறநறத்தது.

"இதையா ஒம்பது வருசமாக் குடிச்ச?" என்றது மயிலை. கேட்க அங்கே யாரும் இல்லை.

நிமிரும்போது பாறை இடுக்கில் ஒரு பச்சை தெரிந்தது. கசிவு ஈரத்தில் முளைத்த கொழுக்கட்டைப்புல். சரியாக ஒரு வாய் இருக்கும். கடைசியாகக் குடிக்கிறவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிற இடம். போன வருடம் குரால் வாயில் எதை அடைத்துக்கொண்டு வந்தாள், ஏன் பதில் பேசவில்லை என்பதெல்லாம் அப்போது தெரிந்தது. மயிலையின் கண் கலங்கியது. பசி வேறு. ஒரு வாரமாகக் காய்ந்த சருகைத் தின்ற வயிறு.

மயிலை அந்தப் புல்லைக் கவ்வியது.

திரும்புகிற வழி நெடுக அது ஒரு வார்த்தை பேசவில்லை. வழியில் சுட்டி ஏதோ கேட்டது. பதில் இல்லை. 'ரோசமாட்ட இருக்குது' என்று சுட்டி விட்டுவிட்டது. எச்சில் ஊறி ஊறித் தாடையில் வழிந்தது. பல் தானாக அசைந்தது. மயிலை தாடையை இறுக்கிக்கொண்டது. சிறுத்தையை முட்டித் துரத்தியது சுலபம், இந்த ஒரு வாய்ப் புல்லை முழுங்காமல் இருப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

பொழுது மறைகிற நேரம் வெள்வேலங்காட்டுக்கு வந்தார்கள். கொக்கு எங்கிருந்தோ பறந்து வந்து முதுகில் உட்கார்ந்தது.

"காளையண்ணே, தண்ணி காட்டிப்போட்டீங்களாமே! உங்களை விட்டா யாருங்க? இனி அந்தக் கிழவி பேரை யாரு சொல்லப்போறாங்க?"

மயிலை பேசவில்லை. பக்கத்து மரத்தில் முதுகை ஓர் உரசு உரசியது. கொக்கு கீழே விழாத குறையாகப் பறந்தது.

பிறகு குரால் படுத்திருந்த இடத்துக்குப் போய், வாயைத் திறந்து, புல்லை வைத்தது. நசுங்கியிருந்தது. எச்சிலில் நனைந்திருந்தது. ஆனால் பச்சையாக முழுசாக இருந்தது.

மாடுகள் சுற்றி வந்து நின்றன. "வழக்கம்னா வழக்கம்தான். புல்லு வெச்சாச்சு, ஒண்ணு சொல்லோணும்," என்றது சுட்டி.

மயிலை ஒன்பது வருடமாகச் சேர்த்து வைத்ததில் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

"மெதுவா நடப்பா," என்றது. "நேராப் போகமாட்டா. தண்ணியைக் கடைசியாத்தான் குடிப்பா."

காலையில் சொன்ன அதே மூன்று பேச்சு. ஒரு சொல் மாறவில்லை. ஆனால் இப்போது மந்தையில் தலை குனியாத மாடு இல்லை. செவலையின் ஒற்றைக் கண்ணிலிருந்து நீர் வடிந்தது.

சுட்டியின் கன்று தள்ளாடி வந்து அந்தப் புல்லைத் தின்றது. யாரும் தடுக்கவில்லை.

"நாளன்னிக்கு மறுபடியும் தண்ணிக்குப் போகோணும்," என்றது சுட்டி, மயிலையின் முகத்தைப் பார்க்காமலே. "முன்னால நீங்களே போங்க. குடிக்கறது மட்டும் கடைசி."

"சரி," என்றது மயிலை.

பெரியவர்களின் அருமை பொறாமைப்படுகிறவன் கண்ணில்தான் முதலில் படுகிறது; அதை வாய்விட்டு ஒப்புக்கொள்கிற அன்றுதான் அவர்கள் நடந்த தடத்தில் கால்வைக்க அவனுக்குத் தகுதி வருகிறது.